கட்டுரையின் மைய வாக்கியத்தைக் கண்டுபிடிக்க 6 முதல் 8ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவது எப்படி?

ஒரு கட்டுரையைப் படித்து முடித்த ஏழாம் வகுப்புப் பிள்ளையிடம், இதில் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். "பிளாஸ்டிக் பத்திச் சொல்லியிருக்காங்க டீச்சர்" என்று உடனே பதில் வரும். சரி, பிளாஸ்டிக்கைப் பற்றி என்ன சொல்கிறார் என்று அடுத்துக் கேட்டால் பெரும்பாலும் அமைதி, இல்லையென்றால் முதல் வரியை அப்படியே வாசித்துக் காட்டுவார்கள். அந்த இரண்டாவது கேள்விக்குப் பிள்ளை தானே பதில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும், ஏன் அதுதான் பதில் என்று சொல்லவும் தெரிய வேண்டும். அதற்கான வழியைத்தான் இங்கே சொல்கிறேன். புதிதாக நடுநிலைப் பள்ளிக்கு வந்திருக்கும் ஆசிரியர்கள், மாலை வகுப்பு எடுக்கும் தன்னார்வலர்கள், வீட்டில் பிள்ளையை உட்கார வைத்துத் தமிழ் சொல்லித் தரும் பெற்றோர், இவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

ஒரு கட்டுரை முழுக்க எதை நிறுவப் பார்க்கிறதோ, அதைத் தாங்கி நிற்கும் வாக்கியத்தை மைய வாக்கியம் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைகளுக்கு இது பிடிபடாமல் போவதற்கு அவர்கள் காரணம் இல்லை. தேர்வில் கட்டுரை வினாவோடு முன்னுரை, நான்கைந்து குறிப்புகள், முடிவுரை என்று கொடுத்துவிடுகிறோம். குறிப்புக்கு ஒரு பத்தி எழுதி, உட்தலைப்பு போட்டு அடிக்கோடிட்டால் மதிப்பெண் வந்துவிடும். ஒரு கருத்தைச் சொல்லி அதை நிறுவ வேண்டும் என்ற தேவையே அந்த அமைப்பில் எழுவதில்லை. பல வருடம் அப்படி எழுதிப் பழகிய பிள்ளையிடம் திடீரென்று ஒரு கட்டுரையைக் கொடுத்து மையக் கருத்தைக் கோடிடு என்றால் எங்கே கோடிடும்? அதனால் முதல் சில வகுப்புகளுக்குக் கட்டுரையைக் கையில் கொடுக்காதீர்கள், தனி வாக்கியங்களோடு தொடங்குங்கள்.

முதல் படி: தலைப்பு, தகவல், கருத்து

கரும்பலகையில் மூன்று வரி எழுதுங்கள்.

நெகிழிப் பைகள்.

ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் நெகிழிப் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது.

கடைக்காரருக்கு அதே விலையில் வேறு பை கிடைத்தால்தான் நெகிழிப் பை ஒழியும், தடை மட்டும் போதாது.

முதலாவது தலைப்பு, அது எதையும் சொல்லவில்லை. இரண்டாவது தகவல், சரிபார்த்துக்கொள்ளலாம், ஆனால் அதை வைத்து விவாதம் செய்ய முடியாது. மூன்றாவதை ஒருவர் எழுந்து நின்று "இல்லை, அபராதத்தைக் கூட்டினாலே போதும்" என்று மறுக்க முடியும். அதுதான் கருத்து. வகுப்பில் இதற்கு ஒரே ஒரு கேள்வியைப் பழக்கப்படுத்துங்கள்: இதை மறுத்து ஒருவர் நியாயமாகப் பேச முடியுமா?

ஆறாம் வகுப்பில் இந்தக் கேள்வியை வைத்தே ஒரு முழுப் பிரிவேளை ஓட்டலாம். துண்டுச் சீட்டுகளில் வாக்கியங்களை எழுதிக் கலைத்துக் கொடுத்து, மூன்று குவியலாகப் பிரிக்கச் சொல்லுங்கள். அப்போது கட்டாயம் ஒரு சிக்கல் வரும், வர வேண்டும். "எனக்கு மாம்பழம்தான் பிடிக்கும்" என்ற சீட்டை எங்கே வைப்பது? மறுக்க முடியாது, ஏனென்றால் அது அந்தப் பிள்ளையின் ருசி. ஆனால் தகவல் குவியலிலும் மனசு ஒப்பவில்லை. விடையை நீங்கள் சொல்லிவிடாமல் அவர்களையே பேசவிடுங்கள். சொந்த விருப்பத்துக்கும் காரணம் காட்டி நிறுவக்கூடிய கருத்துக்கும் உள்ள வித்தியாசம் அந்தப் பேச்சில் தானாகத் தெளியும், அடுத்த படிக்கும் அதுவே வழி விடும்.

இரண்டாம் படி: ஏன் என்று கேட்பது

கருத்து என்றால் அதன் பின்னால் காரணம் வர வேண்டும், காரணத்தின் பின்னால் சான்று வர வேண்டும். இதைச் சொல்லித் தர நம்மிடமே அருமையான பாடம் இருக்கிறது. மணிமேகலைக் காப்பியத்தின் 29ஆம் காதையில் அறவண அடிகள் என்ற பௌத்தத் துறவி மணிமேகலைக்குத் தருக்கம் சொல்லிக் கொடுக்கிறார். இந்த மலையில் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம். புகை தெரிகிறது, அதனால் சொல்கிறேன் என்பது ஏது. அடுக்களையில் பார்த்திருக்கிறோமே, அதுபோல என்பது திட்டாந்தம். பிள்ளைகளுக்கு அந்தப் பழைய பெயர்களைக் கொடுக்க வேண்டியதில்லை, மலையையும் புகையையும் கொடுத்தால் போதும். ஒரு மலையை வரைந்து புகையைப் போட்டு, "நெருப்பு இருக்குன்னு சொல்றேன், எப்படி நம்புவீங்க?" என்று கேளுங்கள். எது சொல்ல வந்த செய்தி, எது அதற்குக் காரணம் என்று குழப்பமில்லாமல் பிரித்துவிடுவார்கள்.

அப்புறம் அதே பிரிப்பை அவர்களுக்குத் தெரிந்த விஷயத்துக்குக் கொண்டுவாருங்கள்:

நூலகப் பிரிவேளையைக் காலையில் வைக்க வேண்டும். கடைசிப் பிரிவேளை என்றால் புத்தகத்தைத் தேர்ந்தெடுத்துப் பதிவேட்டில் எழுதுவதற்குள் மணி அடித்துவிடுகிறது. பாடம் முடியாத ஆசிரியர்கள் கேட்டு வாங்குவதும் பெரும்பாலும் அந்தப் பிரிவேளையைத்தான்.

முதல் வாக்கியத்திடம் ஏன் என்று கேட்டால் மற்ற இரண்டும் பதில் சொல்கின்றன. இரண்டாவது வாக்கியத்திடம் ஏன் என்று கேட்டால் முதல் வாக்கியம் அதற்குப் பதிலாகுமா? ஆகாது. எந்த வாக்கியத்துக்கு மற்ற வாக்கியங்கள் எல்லாம் பதில் சொல்கின்றனவோ அதுதான் மையம். வாக்கியங்களின் வரிசையை மாற்றி, மையத்தை நடுவில் வைத்தும் கடைசியில் வைத்தும் திரும்பக் கொடுங்கள். இடத்தை வைத்துக் கண்டுபிடிக்கும் பழக்கம் ஆரம்பத்திலேயே வராமல் இருக்க இது ரொம்ப முக்கியம். முதல் பத்தியின் கடைசி வாக்கியம்தான் மைய வாக்கியம் என்று சூத்திரம் போலச் சொல்லிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்தச் சூத்திரத்துக்கென்றே எழுதிய கட்டுரைகளில் அது பலிக்கும், நாளிதழைப் பிரித்தால் முதல் பக்கத்திலேயே கைவிட்டுவிடும்.

மூன்றாம் படி: முழுக் கட்டுரை, ஓரக் குறிப்போடு

இங்கேதான் நிறைய நேரம் செலவழிக்க வேண்டும். தலைப்பு பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்ததாக இருக்கட்டும். ஜூலை 15 கல்வி வளர்ச்சி நாளுக்குக் காமராசரைப் பற்றி எழுதாத பிள்ளை நம் பள்ளிகளில் இல்லை, ஆகவே அதையே எடுத்துக்கொள்வோம். கீழே உள்ளது வகுப்புக்காக நான் எழுதிக்கொண்ட சின்ன மாதிரி, அப்படியே எடுத்துப் பயன்படுத்துங்கள்.

"எண்ணென்ப ஏனை எழுத்தென்ப இவ்விரண்டும் கண்ணென்ப வாழும் உயிர்க்கு என்கிறது குறள். அந்தக் கண்ணை ஏழைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தவர் காமராசர். அவர் 1903 ஜூலை 15 அன்று விருதுநகரில் பிறந்தார். 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்தார். பள்ளியைக் கட்டினால் மட்டும் போதாது, பிள்ளை பள்ளிக்கு வர எது தடையோ அதையும் அரசே நீக்க வேண்டும் என்று செய்து காட்டியதே அவருடைய தனிச்சிறப்பு.

பசியோடு இருக்கும் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது. வேலைக்குப் போனால் ஒரு வேளைச் சோறாவது கிடைக்கும் என்று நினைத்த குடும்பங்கள் அன்று ஏராளம். 1956இல் பள்ளியிலேயே மதிய உணவு கொடுக்கும் திட்டம் தொடங்கியது.

பல ஊர்களில் பள்ளியே கிடையாது. பக்கத்து ஊருக்கு நடந்து போக வேண்டும் என்றால் சின்னப் பிள்ளைகளைப் பெற்றோர் அனுப்பத் தயங்கினார்கள். அவருடைய ஆட்சியில் சிற்றூர்களிலும் பள்ளிகள் திறக்கப்பட்டன.

உடையைப் பார்த்தே ஏழை யார், பணக்காரர் யார் என்று தெரிந்துவிடும் வகுப்பறையில் கிழிந்த சட்டையோடு உட்காரப் பிள்ளைகள் கூச்சப்பட்டார்கள். சீருடை அந்தக் கூச்சத்தைப் போக்கியது."

இதைக் கொடுத்ததும் கோடிடச் சொல்லாதீர்கள். முதலில் இரண்டாவது பத்தியிலிருந்து கடைசிவரை, ஒவ்வொரு பத்திக்கும் பக்கத்தில் ஓரிரண்டு சொல்லில் பென்சிலால் ஓரக் குறிப்பு எழுதச் சொல்லுங்கள். முன்னுரையை அப்போதைக்கு ஒரு தாளால் மூடிவிடலாம். பசி, தூரம், கூச்சம் என்று மூன்று குறிப்பு வரும். சில பிள்ளைகள் மதிய உணவு, பள்ளி திறப்பு, சீருடை என்று எழுதுவார்கள், அதுவும் சரி. இப்போது கேளுங்கள்: இந்த மூன்றும் சேர்ந்து எதைக் காட்டுகின்றன? பிள்ளைகள் தங்கள் வார்த்தையில் ஏதாவது சொல்லட்டும். "பசங்க ஸ்கூலுக்கு வர முடியாததுக்கு என்னென்ன காரணமோ அதையெல்லாம் சரி பண்ணார்" என்று ஒரு பிள்ளையாவது சொல்லும். அதைக் கரும்பலகையில் அப்படியே எழுதிவிட்டு, இப்போது முன்னுரையின் மேல் உள்ள தாளை எடுங்கள். இந்தப் பிள்ளை சொன்னதையே கட்டுரையாளர் எந்த வாக்கியத்தில் சொல்லியிருக்கிறார் என்று தேடச் சொன்னால், கைகள் சரியான இடத்துக்கு, "பள்ளியைக் கட்டினால் மட்டும் போதாது" என்று தொடங்கும் வாக்கியத்துக்குப் போகும்.

பின்னாலிருந்து முன்னால் போகும் இந்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. முன்னுரையிலிருந்து தொடங்கினால் பிள்ளை ஊகிக்கத் தொடங்கிவிடும். பத்திகளிலிருந்து தொடங்கினால் கையில் சான்றை வைத்துக்கொண்டு தேடும்.

நான்காம் படி: தவறான விடைகளைப் பேசுவது

சரியான விடை வந்துவிட்டது என்று அடுத்த பாடத்துக்குப் போய்விடக் கூடாது. மற்ற வாக்கியங்கள் ஏன் மையம் ஆகவில்லை என்று சொல்ல வைப்பதில்தான் பாதிப் பாடம் இருக்கிறது. பிள்ளைகள் எங்கெல்லாம் விழுவார்கள் என்பது ஓரளவு முன்கூட்டியே தெரிந்ததுதான்.

முதலாவது, குறள். நம் பிள்ளைகள் கட்டுரையைக் குறளிலோ பழமொழியிலோ தொடங்கப் பழகியவர்கள். குறள் பெரியவர் வாக்கு, அதனால் அதுதான் முக்கியமான கருத்தாக இருக்கும் என்று நினைப்பது இயல்பு. அந்தப் பிள்ளையிடம், குறள் முக்கியமில்லை என்று சொல்லிவிடாதீர்கள், அது தவறும்கூட. இப்படிக் கேளுங்கள்: கல்வி கண் போன்றது என்பதை நிறுவத்தான் சீருடைப் பத்தி எழுதப்பட்டிருக்கிறதா? இல்லை என்று பிள்ளையே சொல்லும். குறள் கட்டுரைக்கு வாசலைத் திறக்கிறது, கட்டுரையாளர் நிறுவ வந்தது வேறு.

அடுத்தது பாராட்டு வாக்கியம். "அந்தக் கண்ணை ஏழைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தவர் காமராசர்" என்பதை வகுப்பில் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளே கோடிடுவார்கள், கிட்டத்தட்ட சரியும்கூட. இதில் என்ன குறை? இந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு இதே கட்டுரை வரும் என்று சொல்ல முடியாது. கல்லூரி, நூலகம், கட்டணம் என்று எதைப் பற்றியும் எழுதலாம். மைய வாக்கியத்தைப் படித்தால் பின்னால் என்னென்ன பத்தி வரும் என்று ஓரளவு ஊகிக்க வேண்டும். தடைகள் என்று சொன்னதும் என்னென்ன தடை என்ற எதிர்பார்ப்பு வருகிறது, பத்திகளும் அதையே தருகின்றன. இந்த விடை சொன்ன பிள்ளைக்குத் தவறு என்று பெருக்கல் குறி போட்டுவிடாமல், இன்னும் குறுக்கிப் பிடி என்று சொல்லுங்கள்.

இதற்கு நேர் எதிர், மிகக் குறுகிய வாக்கியத்தைப் பிடிப்பது. "பசியோடு இருக்கும் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது" என்பது மறுக்கக்கூடிய கருத்துதான், ஏன் என்றும் கேட்கலாம், முதல் படியின் சோதனையில் தேறிவிடும். ஆனால் அது ஒரு பத்திக்கு மட்டும் தலைவன். தூரம், கூச்சம் இரண்டும் அதற்குள் அடங்காது. ஓரக் குறிப்புகளை ஒவ்வொன்றாக அந்த வாக்கியத்தோடு ஒட்டிப் பார்க்கச் சொன்னால் போதும்.

தேதிகள், பிறந்த ஊர், பதவி வகித்த ஆண்டுகள் எல்லாம் தகவல் குவியல், இதை விரைவாகக் கடந்துவிடலாம். "இக்கட்டுரையில் காமராசரின் கல்விப் பணிகளைக் காண்போம்" என்று எழுதும் வழக்கமும் உண்டு. அது அறிவிப்பு. காண்போம் என்றால், கண்டு என்ன சொல்லப் போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்கச் சொல்லுங்கள்.

இன்னொரு பொறி எட்டாம் வகுப்பில் வரும். கட்டுரையாளர் எதிர்க்கருத்தை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு மறுப்பார். "காலையில் நூலகம் வைத்தால் கணக்குப் பாடம் கெடும் என்று பலர் கருதுகிறார்கள்" என்று தொடங்கினால், பிள்ளை அதையே கட்டுரையாளரின் கருத்தாக எடுத்துக்கொள்ளும். இலக்கண நூலான நன்னூல் நூலாசிரியரின் கொள்கைகளாக ஏழு மதங்களைச் சொல்கிறது. அவற்றில் பிறர்தம் மதம் மேற்கொண்டு களைவது, அதாவது அடுத்தவர் கருத்தை முதலில் எடுத்துக்கொண்டு பிறகு மறுப்பது ஒன்று, தான் நாட்டித் தனாது நிறுப்பது, அதாவது தன் கருத்தைச் சொல்லி அதை நிறுவுவது இன்னொன்று. நாம் தேடுவது அந்த இரண்டாவதை. இது யார் குரல் என்று கேட்கப் பழக்குங்கள். "என்பார்கள்", "என்று சிலர் சொல்வதுண்டு" என்பவை அடுத்தவர் குரல். ஆனால், எனினும், இருந்தாலும் ஆகியவற்றுக்குப் பிறகுதான் பெரும்பாலும் கட்டுரையாளரின் சொந்தக் குரல் கேட்கும்.

சொல் அடையாளங்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வேண்டும், கூடாது, தான், ஏகாரம் (தனிச்சிறப்பே, செய்ததே என்பது போல) இவை இருக்கும் இடத்தில் கருத்து இருக்க வாய்ப்பு அதிகம் என்று சொல்லித் தரலாம், உதவும். ஆனால் முடிவுரையில் "மரம் வளர்ப்போம், மழை பெறுவோம்" என்று வரும் முழக்கங்களும் இப்படித்தான் உறுதியாக ஒலிக்கும். அடையாளச் சொல்லைப் பார்த்துத் தேடத் தொடங்கலாம், விடை சரியா என்பதை ஓரக் குறிப்பை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஐந்தாம் படி: பட்டிமன்றம்

இதுவரை மற்றவர் கட்டுரைகளையே பார்த்தோம், இனி பிள்ளைகளைப் பேசவிடுங்கள். பட்டிமன்றத் தலைப்பு ஒன்று கொடுங்கள்: வீட்டுப்பாடம் தேவையா, தேவையில்லையா? இரண்டு அணியும் பேசுவதற்கு முன்னால் தங்கள் கட்சியை ஒரே வாக்கியத்தில் எழுதி நடுவராக இருக்கும் பிள்ளையிடம் மடித்துக் கொடுக்க வேண்டும். "வீட்டுப்பாடம் தேவை" என்று மட்டும் எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடலாம், ஏன் என்பதும் அதே வாக்கியத்தில் வர வேண்டும். அணிகள் பேசி முடித்ததும், கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் ஒவ்வொரு அணியின் மைய வாக்கியம் என்னவாக இருக்கும் என்று ஊகித்து எழுதட்டும், அப்புறம் நடுவர் சீட்டைப் பிரித்து வாசிக்கட்டும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் தவறு கேட்டவரிடம் இருக்கலாம், பேசியவர் தன் கட்சியை விட்டு வேறெங்கோ போனதாகவும் இருக்கலாம். எது என்று வகுப்பே பேசி முடிவு செய்யட்டும். கட்டுரை என்றாலே ஒதுங்கும் பிள்ளைகள் இந்தப் பிரிவேளையில் முன்னால் வந்து நிற்பதைப் பார்ப்பது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஆறாம் படி: நாளிதழும் நேரடியாகச் சொல்லாத கருத்தும்

எட்டாம் வகுப்பின் இரண்டாம் பாதியில் தலையங்கத்துக்குப் போகலாம். ஒரே நிகழ்ச்சியைப் பற்றிய செய்தியையும் தலையங்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். செய்தியில் என்ன நடந்தது என்று இருக்கும், தலையங்கத்தில் என்ன செய்திருக்க வேண்டும் என்று இருக்கும். நீளமானதைத் தேர்ந்தெடுக்காதீர்கள், வார்த்தை கடினமாக இருந்தால் பிள்ளை அதிலேயே மாட்டிக்கொண்டு கருத்துக்குப் போகாது. தேவைப்பட்டால் நீங்களே எளிமைப்படுத்தி எழுதிக் கொடுங்கள்.

தலையங்கங்களில் மைய வாக்கியம் பல நேரம் கடைசிப் பத்தியில்தான் வரும். சில கட்டுரைகளில் எந்த வாக்கியத்திலும் வெளிப்படையாக வராது, சான்றுகளை அடுக்கிவிட்டு வாசகரிடம் விட்டுவிடுவார்கள். அப்படிப்பட்டதில் கோடிடச் சொல்லக் கூடாது. ஓரக் குறிப்புகளை வைத்து அந்த வாக்கியத்தைப் பிள்ளையே எழுத வேண்டும். வகுப்பில் எல்லாரும் ஒரே மாதிரி எழுத மாட்டார்கள், எழுத வேண்டியதும் இல்லை. எல்லாப் பத்தியும் அதற்குள் அடங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். பொங்கல் விழா, நான் கண்ட பொருட்காட்சி மாதிரியான வருணனைக் கட்டுரைகளில் விவாதத்துக்குரிய கருத்து இல்லாமலும் போகலாம். அதில் வலுக்கட்டாயமாகத் தேடச் சொன்னால் பிள்ளைக்கு இதுவரை தெளிந்ததும் குழம்பும், அந்த வகைக் கட்டுரைகளை இந்தப் பாடத்துக்கு எடுக்காமல் இருப்பது நல்லது.

கற்றுக்கொண்டார்களா என்று பார்ப்பது

நான்கு விடை கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் வினாவை மட்டும் நம்பாதீர்கள், ஊகித்தே மதிப்பெண் வாங்கிவிடலாம். மைய வாக்கியம் இருக்க வேண்டிய இடத்தில் கோடு போட்டுக் காலியாக விட்ட கட்டுரையைக் கொடுத்து நிரப்பச் சொல்லுங்கள். அல்லது கட்டுரைக்குள் சம்பந்தமில்லாத ஒரு பத்தியைச் செருகிவிட்டு, எது சேரவில்லை, ஏன் என்று கேளுங்கள். காமராசர் மாதிரியில் அணைகள் பற்றி ஒரு பத்தி சேர்த்துப் பாருங்கள். அவர் காலத்தில் அணைகள் கட்டப்பட்டதும் உண்மைதான், அவரைப் பற்றிய பத்திதான், ஆனாலும் இந்தக் கட்டுரையில் அதற்கு இடமில்லை. "காமராசரைப் பத்தித்தானே டீச்சர் இருக்கு, ஏன் சேராது?" என்று ஒரு பிள்ளை கேட்கும். அதற்கு இன்னொரு பிள்ளை எழுந்து, இந்தக் கட்டுரை பள்ளிக்கு வர இருந்த தடைகளைப் பற்றியது என்று பதில் சொன்னால், பாடம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

அதற்குப் பிறகு அவர்களுடைய பழைய கட்டுரை நோட்டை எடுக்கச் சொல்லுங்கள். தாங்கள் எழுதியதற்கே ஓரக் குறிப்பு போட்டு, மைய வாக்கியத்தைத் தேடட்டும். பலருடைய கட்டுரையில் அது இருக்காது. அடித்துத் திருத்த வேண்டாம், முன்னுரைக்குக் கீழே இரண்டு வரி இடம் பார்த்து, இப்போது எழுதுவதாக இருந்தால் எந்த வாக்கியத்தை வைப்பாய் என்று கேட்டு, அதை மட்டும் வேறு நிற மையில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த கட்டுரைக்குக் குறிப்புச் சொற்களைக் கொடுப்பதற்கு முன்னால், முதலில் அந்த ஒரு வாக்கியத்தை எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.